பத்தாம் வகுப்புக்கு முன்பே காலியாகும் பெஞ்சுகள்: கொட்டிவாக்கம் முதல் பெரும்பாக்கம் வரை பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்பது ஏன்? ஊர் என்ன செய்யலாம்?

2023 மார்ச் 13. தமிழ்நாட்டில் பிளஸ் 2 பொதுத்தேர்வின் முதல் நாள், மொழிப்பாடத் தேர்வு. அன்று 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தேர்வு எழுத வரவில்லை என்ற தகவல் வெளியானதும் மாநிலமே அதிர்ந்தது. ஒரே நாளில் இத்தனை பிள்ளைகள் எங்கே போனார்கள் என்ற கேள்வி எல்லாப் பக்கமும் எழுந்தது.

அடுத்த சில நாட்களில் கிடைத்த விளக்கம் இன்னும் கவலை தருவதாக இருந்தது. அவர்களில் பலர் அன்றைக்குக் காணாமல் போனவர்களே இல்லை. கொரோனா காலத்தில், 2021-ல், பத்தாம் வகுப்பில் தேர்வில்லாமல் 'ஆல் பாஸ்' பெற்று பிளஸ் 1-க்கு வந்தவர்கள். இடையில் எப்போதோ பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். பதிவேட்டில் பெயர் மட்டும் தொடர்ந்துகொண்டிருந்தது.

அதாவது, ஒரு பிள்ளை படிப்பை விட்டது பக்கத்து வீட்டுக்குத் தெரியும். தெருமுனை டீக்கடைக்குத் தெரியும். அரசின் கணக்குக்குத் தெரிய இரண்டு வருடம் ஆகியிருக்கிறது.

இடைநிற்றல் என்ற பிரச்னையின் மையமே இந்தக் கால இடைவெளிதான். தென்சென்னையில், கொட்டிவாக்கம் கடற்கரையில் தொடங்கி சில கிலோமீட்டர் தெற்கிலும் மேற்கிலும் உள்ள கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் வரை, இது எப்படி நடக்கிறது? இதில் ஊர்க்காரர்கள் செய்யக்கூடியது என்ன? விரிவாகப் பார்ப்போம்.

எண்கள் என்ன சொல்கின்றன?

முதலில் நல்ல செய்தி. பள்ளிக் கல்வியில் தமிழ்நாடு நாட்டின் சராசரியைவிட மேலேதான் இருந்து வந்திருக்கிறது. மத்திய அரசின் 'யுடைஸ் பிளஸ்' 2021-22 அறிக்கைப்படி 9, 10-ம் வகுப்புகளில் இடைநிற்றல் விகிதம் இந்திய அளவில் 12.6 சதவீதம், தமிழ்நாட்டில் 4.5 சதவீதம். அதே ஆண்டில் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் இந்திய அளவில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47 சதவீதம்.

ஆனால் சராசரி என்பது எல்லோரையும் கூட்டி வகுத்த கணக்கு. நூறு பேரில் நாலைந்து பேர் நிற்கிறார்கள் என்றால், அந்த நாலைந்து பேர் ஊர் முழுக்கச் சமமாகப் பரவி இருப்பதில்லை. அடையாறில் ஒரு அபார்ட்மென்ட்டில் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்ட பிள்ளையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மறுகுடியமர்வுக் குடியிருப்பின் ஒரு பிளாக்கில் தேட வேண்டிய அவசியம் இருக்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொடக்கப் பள்ளியில் நிற்பவர்கள் மிகக் குறைவு. சிக்கல் பெரிதாவது 9-ம் வகுப்பிலிருந்து. அது தற்செயல் இல்லை. அதற்குச் சட்டரீதியான காரணமும் உண்டு.

14 வயதில் முடியும் சட்டம்

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு, முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. இடையில் விட்டவர்களை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் அந்தக் குடை மடங்கிவிடுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்திலும் 14 வயதுதான் எல்லைக் கோடு. 2016 திருத்தத்துக்குப் பிறகு 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவதற்கு விலக்கு உண்டு. 14 முதல் 18 வயது வரை தடை இருப்பது ஆபத்தான தொழில்களில் மட்டுமே.

ஆக, ஒரே வயதில் இரண்டு கதவுகளின் நிலை மாறுகிறது. பள்ளிக் கதவு தளர்கிறது, வேலைக் கதவு திறக்கிறது. அல்ஜீப்ரா கடினமாவதும் அதே வயதில்தான்.

கொட்டிவாக்கத்தைச் சுற்றி என்ன நிலைமை?

2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்படும்வரை கொட்டிவாக்கம் தனி ஊராட்சி. இன்று அதன் ஒரு பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை, இன்னொரு பக்கம் ஐ.டி. நிறுவனங்கள் வரிசையாக நிற்கும் பழைய மகாபலிபுரம் சாலை. கடலை ஒட்டி மீனவர் குப்பம். அடுத்தடுத்து பாலவாக்கம், நீலாங்கரை என்று குப்பங்கள் தொடர்கின்றன.

மேற்கே ஓ.எம்.ஆர். பக்கம் போனால் காட்சி வேறு. 2000-ம் ஆண்டு வாக்கில் தொடங்கிய கண்ணகி நகரில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். செம்மஞ்சேரியில் 6 ஆயிரத்துக்கும் மேல். பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்களாகப் பல ஆயிரம் வீடுகள். கூவம், அடையாறு கரைகளிலும் நகரின் நடுப்பகுதிகளிலும் வாழ்ந்த குடும்பங்கள் இங்கே கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு இது வேகமெடுத்தது. இப்படி வந்தவர்களில் தலித் குடும்பங்கள் கணிசமானவை.

இந்த இரண்டு இடங்களிலும் பிள்ளைகள் படிப்பை விடுகிறார்கள். காரணங்கள் ஒன்றல்ல. அதனால் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வீடு மாறினால் படிப்பு ஏன் நிற்கிறது?

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்து வீடுகள் இடிக்கப்பட்டது நினைவிருக்கலாம். எதிர்ப்புத் தெரிவித்து ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அந்த நேரத்தில்தான் 10, 11, 12-ம் வகுப்புப் பொதுத்தேர்வுகளும் நடந்துகொண்டிருந்தன. குடும்பங்களுக்கு மாற்று வீடு ஒதுக்கப்பட்டது பெரும்பாக்கத்தில். அதற்குப் பிறகே, மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதியில் வீடு தரப்படும் என்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார்.

அதற்கு முன், 2019 டிசம்பரில் சென்ட்ரல் அருகே சத்தியவாணி முத்து நகர் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டபோதும் கல்வியாண்டு பாதிதான் முடிந்திருந்தது.

கல்வியாண்டின் நடுவே வீடு மாறும் குடும்பத்துக்கு முன்னால் இரண்டே வழிகள். ஒன்று, பழைய பள்ளியையே தொடர்வது. அதற்கு தினமும் போக 20 கிலோமீட்டர், வர 20 கிலோமீட்டர். பஸ் பாஸ் இலவசம்தான், ஆனால் நேரம் இலவசம் இல்லை. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால்தான் முதல் பீரியடைப் பிடிக்க முடியும். பஸ் தவறினால் லேட். லேட்டானால் வெளியே நிற்க வேண்டும். வெளியே நிற்பதற்குப் போகாமலே இருந்துவிடலாம் என்ற முடிவு அடுத்த வாரமே வந்துவிடுகிறது.

இரண்டாவது வழி, டி.சி. வாங்கிப் புதிய பள்ளியில் சேர்ப்பது. அங்கே புதிய வாத்தியார், புதிய பிள்ளைகள், ஏற்கெனவே நெருக்கமான வகுப்பறைகள். டி.சி. கையில் இல்லை என்பதற்காக எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையைத் தாமதிக்கவோ மறுக்கவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் இது பல பெற்றோருக்குத் தெரியாது. "டி.சி. கொண்டா, அப்புறம் பாக்கலாம்" என்றதும் திரும்பிவிடுகிறார்கள். கூலி வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு நாள் லீவு என்றால் இன்னொரு நாள் சம்பளம் போனது.

இதற்கிடையே அம்மாவின் வேலை மட்டும் பழைய இடத்திலேயே இருக்கும். மயிலாப்பூரிலோ அடையாறிலோ வீட்டு வேலை. விடியும் முன் அவர் பஸ் ஏறினால்தான் சரியாக இருக்கும். பிள்ளையை எழுப்பி, சாப்பாடு போட்டு, பள்ளிக்கு அனுப்ப வீட்டில் ஆள் இல்லை. பழைய இடத்தில் அந்தக் கவலை இருந்திருக்காது. பாட்டியோ சித்தியோ பக்கத்து வீட்டு அக்காவோ பார்த்துக்கொள்வார்கள். வீடு மாறியபோது அந்த உறவு வலையும் அறுந்துபோனது. ஒதுக்கீட்டு ஆணையில் வீட்டு எண் இருக்கும், பிளாக் எண் இருக்கும். இந்த இழப்பு எந்தக் கணக்கிலும் இருக்காது.

கடலோரக் குப்பத்தில் கதை வேறு

கொட்டிவாக்கம் போன்ற குப்பங்களில் வீடு மாறவில்லை, வருமானம்தான் ஆடுகிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அது விசைப்படகுகளுக்கானது. கரையிலிருந்து போகும் சிறிய ஃபைபர் படகுகளுக்கு உண்மையான தடைக்காலம் வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் எச்சரிக்கை, கொந்தளிப்பு, 'கடலுக்குப் போக வேண்டாம்' அறிவிப்பு.

பள்ளிக் காலண்டரை எடுத்துப் பாருங்கள். அரையாண்டுத் தேர்வு வருவதும் அந்த டிசம்பரில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தென்சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் நீரில் நின்றன, அரையாண்டுத் தேர்வே தள்ளிவைக்கப்பட்டது. கையில் காசில்லாத மாதங்களும் படிப்பில் முக்கியமான மாதங்களும் ஒன்றாக வருகின்றன.

மழைக்குப் பிறகு கடல் அடங்கி மீன் வரத்து கூடும்போது, படகுக்கு ஒரு கை கூடுதலாகத் தேவைப்படும். வலை பிரிக்க, மீன் தரம் பிரிக்க, ஐஸ் போட. ஒன்பதாம் வகுப்புப் பையன் அப்பாவோடு விடியற்காலையில் போய்விட்டு வந்தால் கையில் சில நூறு ரூபாய். "ரெண்டு நாள்தானே" என்றுதான் தொடங்கும். அம்மா மீன் விற்கப் போகும் வீட்டில் சமையலும் தம்பி, தங்கையும் பெரும்பாலும் பெண் பிள்ளையின் பொறுப்பு.

எந்த வீட்டிலும் "நீ படிக்க வேண்டாம்" என்று யாரும் சொல்வதில்லை. பிள்ளை படித்து ஐ.டி. கம்பெனிக்குப் போக வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தாயும் நினைக்கிறார். கண் முன்னால் அந்தக் கட்டடங்கள் நிற்கின்றன. அந்த ஆசைக்கும் இன்றைய செலவுக்கும் நடுவே ஆறேழு வருடம் இருக்கிறது. அதைக் கடப்பதுதான் சிக்கல்.

ஆண் பிள்ளைகளை இழுப்பது எது? பெண் பிள்ளைகளை நிறுத்துவது எது?

கேட்டரிங், மேடை அலங்காரம், பெயின்டிங், லோடு வேலை, வண்டி ஷெட். 15 வயதுப் பையனுக்கு நகரத்தில் வேலை கிடைப்பது கஷ்டமே இல்லை. முகூர்த்த சீசனில் இரவு முழுக்கப் பந்தி பரிமாறினால் மறுநாள் காலை அவனால் வகுப்பில் உட்கார முடியாது. சம்பளத்தில் செல்போன் வாங்கியதும் அந்தப் பணம் 'அவன் பணம்' ஆகிவிடுகிறது. அதன் பிறகு கணக்குப் பாடத்தில் 20 மார்க் எடுத்ததற்குத் திட்டு வாங்க அவன் தயாராக இல்லை.

பெண் பிள்ளைகளுக்கு வேறு தடைகள். புதிய இடத்தில் பாதுகாப்பு குறித்த பயம், தெருவிளக்கு இல்லாத பாதை, பஸ் ஸ்டாப்பில் தொந்தரவு. இதற்கெல்லாம் பல வீடுகள் காணும் தீர்வு பெண்ணை வீட்டிலேயே வைத்துக்கொள்வது. வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு அடுத்து வரும் பேச்சு கல்யாணம். 18 வயதுக்கு முன் திருமணம் சட்டப்படி குற்றம் என்றாலும், பள்ளிக்குப் போகாத பெண்ணுக்கு அந்தச் சட்டம் எட்டுவது கடினம். பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தால் விஷயம் ஒரு டீச்சர் காதுக்காவது போகும்.

இன்னொரு குழுவைப் பற்றிப் பேசவே பலருக்குத் தயக்கம். ஏதோ ஒரு அடிதடியில் சிக்கி, போலீஸ் கேஸ் ஆன பையன்கள். ஒரு முறை கேஸ் ஆனால் படிப்பு முடிந்தது என்று குடும்பமே நினைத்துவிடுகிறது. அது உண்மை இல்லை. 18 வயதுக்கு உட்பட்டவர்கள் மீதான வழக்கு, பெரும்பாலான சூழல்களில், அவர்களின் எதிர்காலத்துக்குத் தகுதியிழப்பாக அமையக் கூடாது என்றுதான் 2015 சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. அவன் திரும்பப் பள்ளிக்குப் போவதற்கு ஒரு பெரியவர் உடன் வந்து எச்.எம்.மிடம் பேச வேண்டும். அந்த ஒருவர் கிடைக்காததால் நின்றுபோன படிப்புகள் நிறைய.

வகுப்பறையே வெளியே தள்ளினால்?

பிள்ளை படிப்பை 'விட்டான்' என்று சொல்கிறோம். சில நேரம் அவன் தள்ளப்பட்டிருப்பான்.

அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களின் இடைநிற்றல் பற்றிய விவாதம் இந்தக் கேள்வியை நேரடியாக எழுப்பியது. அந்நாட்டுக் கல்வித் துறையின் 2017-18 கணக்கில், பள்ளி மாணவர்களில் கறுப்பினத்தவர் சுமார் 15 சதவீதம். சஸ்பெண்ட் செய்யப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களிலோ அவர்கள் சுமார் 38 சதவீதம். அடிக்கடி வெளியே அனுப்பப்படும் பிள்ளை பாடத்தில் பின்தங்கி, ஒருநாள் திரும்பி வராமலே போவதில் ஆச்சரியம் என்ன?

நம் ஊரில் அதற்கு நிகரான சொல், பெயர் சொல்லாமல் ஏரியா பெயரைச் சொல்வது. "கண்ணகி நகர் பசங்களா?" என்ற ஒரு கேள்வியில் எல்லாம் அடங்கிவிடும். அந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று வேறு முகவரி கொடுக்கும் இளைஞர்களைப் பற்றிப் பல ஆண்டுகளாகச் செய்திகள் வருகின்றன. அதே பார்வை வகுப்பறைக்குள் வந்தால், கடைசி பெஞ்சும் "நீயெல்லாம் எதுக்கு வர்ற" என்ற பேச்சும் பிள்ளைக்கு நிரந்தரமாகிவிடும்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் ஒருவர் சக மாணவர்களால் வெட்டப்பட்ட பிறகு, பள்ளிகளில் சாதிப் பாகுபாட்டைக் களைய வழி சொல்ல ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அறிக்கை தரப்பட்டது. சாதி அடையாளக் கயிறுகள் முதல் பள்ளிகளின் பெயரில் உள்ள சாதிச் சொற்கள் வரை அது பேசியது. அவமானமும் இடைநிற்றலுக்கு ஒரு காரணம்தான். பதிவேட்டில் மட்டும் அது 'குடும்பச் சூழல்' என்று எழுதப்படும்.

அரசு உதவி எங்கே இருக்கிறது, எங்கே மெலிகிறது?

தமிழ்நாட்டில் திட்டங்களுக்குக் குறைவில்லை. அவை எந்த வகுப்புக்கு என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் (2022 செப்டம்பர் 15-ல் தொடங்கியது): 1 முதல் 5-ம் வகுப்பு வரை.

சத்துணவு: 10-ம் வகுப்பு வரை.

இலவச சைக்கிள்: 11-ம் வகுப்பில்.

இடைநிற்றலைக் குறைப்பதற்கான சிறப்பு ஊக்கத்தொகை: 10, 11, 12-ம் வகுப்புகளுக்குச் சேர்த்து 5,000 ரூபாய்.

புதுமைப்பெண் (2022), தமிழ்ப் புதல்வன் (2024): மாதம் 1,000 ரூபாய், ஆனால் பள்ளி முடித்து உயர்கல்விக்குப் போன பிறகு.

தொடக்கத்தில் கை தாராளம், கல்லூரி வாசலிலும் தாராளம். பிள்ளைகள் அதிகம் நழுவும் 9 முதல் 12 வரையிலான ஆண்டுகளில் மாதந்தோறும் கைக்கு வரும் உதவி மெலிவு. பெற்றோர் இருவரையும் இழந்த, அல்லது ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் தரும் 'அன்புக் கரங்கள்' திட்டம் (2025) இதில் ஒரு முக்கியமான விதிவிலக்கு. 11-ம் வகுப்புப் பொதுத்தேர்வை 2025-26 முதல் கைவிட்டது, பிள்ளைகள் அடுத்தடுத்து மூன்று பொதுத்தேர்வு எழுதும் சுமையைக் குறைத்திருக்கிறது.

எத்தனை நாள் வராவிட்டால் 'நின்றுவிட்டார்' என்று கணக்கு?

இதுதான் அதிகம் பேசப்படாத கேள்வி. பள்ளி செல்லாக் குழந்தைகள் குறித்து 2014-ல் மத்திய அரசுக்காக நடத்தப்பட்ட கணக்கெடுப்பில், 45 நாட்களோ அதற்கு மேலோ வராத பிள்ளையே 'பள்ளி செல்லாதவர்' என எடுத்துக்கொள்ளப்பட்டார். கர்நாடகத்தில் உயர் நீதிமன்றம் இதைத் தானாக முன்வந்து விசாரித்தபோது, அந்த அளவுகோல் 7 நாட்களாகக் குறைக்கப்பட்டது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. ஏழு நாள் வராத பிள்ளைக்குப் பாடம் கொஞ்சம்தான் போயிருக்கும். நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வேலையில் சேர்ந்திருந்தாலும் முதல் சம்பளம் வாங்கியிருக்க மாட்டான். 45-வது நாளில் அவனுக்கு ஒரு முதலாளி இருப்பார், ஒரு அட்வான்ஸ் இருக்கும், திரும்பிப் போனால் வகுப்பில் எல்லோரும் பார்ப்பார்களே என்ற கூச்சம் இருக்கும்.

அமெரிக்காவின் சிகாகோ நகரம் இதற்கு நல்ல உதாரணம். 2005-ல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள்: 9-ம் வகுப்பில் பாடங்களில் பின்தங்காமல் இருக்கும் மாணவர், பின்தங்கியவரைவிடப் பள்ளிப் படிப்பை முடிக்க மூன்றரை மடங்கு அதிக வாய்ப்பு கொண்டவர். கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்கள் அதிகம் உள்ள அந்த நகரப் பள்ளிகள், 9-ம் வகுப்பு வருகையையும் தோல்விகளையும் உடனுக்குடன் கவனிக்கத் தொடங்கின. படிப்பை முடிப்போர் எண்ணிக்கை அடுத்த ஆண்டுகளில் உயர்ந்தது.

ஊர் என்ன செய்யலாம்?

ஊர் கூடிப் பள்ளியைத் தாங்குவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கொட்டிவாக்கத்துக்கு வடக்கே ஊரூர் பகுதியில் 1894-ல் ஆல்காட் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இலவசப் பள்ளியின் வழிவந்தது பெசன்ட் நகரில் இன்றும் நடக்கிறது. 1958 முதல் காமராஜர் ஆட்சியில், கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்களே பெஞ்சும் கரும்பலகையும் கட்டடமும் கொடுத்தார்கள். இன்று தேவைப்படுவது பெஞ்சு அல்ல. காலியான பெஞ்சை முதலில் கவனிக்கும் கண்.

1. மூன்றாம் நாள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்

ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. உறுப்பினர்களில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். 8, 9, 10-ம் வகுப்புகளில் தொடர்ந்து மூன்று நாள் வராதவர்கள் பட்டியலைக் கிளாஸ் டீச்சரிடம் வாங்கி, அதே தெருவில் உள்ள உறுப்பினர் அன்று மாலையே போய்ப் பார்க்கலாம். போகும்போது விசாரணை தொனி வேண்டாம். "ஏன் வரல?" என்று கேட்பதற்கு முன் "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

2. மாலையில் ஒரு இடம், ஒரு அக்கா

2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் தெருவிலும் திண்ணையிலும் பாடம் நடத்தினார்கள். அது எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கானது. அதே மாதிரியை 9, 10-ம் வகுப்புக்கு ஊர் தன் பொறுப்பில் செய்யலாம். குப்பத்தின் சமுதாயக் கூடமோ, கோயில் மண்டபமோ, சர்ச் ஹாலோ போதும். கல்லூரியில் படிக்கும் அதே தெருப் பெண் கணக்கும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுத்தால், பாடத்தோடு இன்னொன்றும் கிடைக்கிறது: 'இங்கிருந்து போய்ப் படிக்க முடியும்' என்ற சாட்சி.

3. விளையாட்டை விடாதீர்கள்

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியின் துணைக் கேப்டன் கார்த்திகா, கண்ணகி நகரைச் சேர்ந்தவர். அந்த ஏரியாவின் பெயரை நாடு முழுக்க வேறு விதமாகச் சொல்ல வைத்தார். எல்லோரும் தங்கம் வெல்ல மாட்டார்கள். ஆனால் மாலையில் கிரவுண்டுக்கு வரும் பிள்ளை காலையில் பள்ளிக்குப் போனதா என்று கேட்க ஒரு கோச் இருக்கிறார். அந்த ஒரு கேள்விக்கு பல நேரம் அப்பா, அம்மா சொல்வதைவிட மதிப்பு அதிகம்.

4. வேலை கொடுப்பவர்களிடம் பேசுங்கள்

கேட்டரிங் கான்ட்ராக்டரும் ஷெட் ஓனரும் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள்தான். வியாபாரிகள் சங்கம், மீனவர் ஊர் நிர்வாகம், குடியிருப்போர் சங்கம் மூன்றும் சேர்ந்து, பள்ளி நாட்களிலும் இரவிலும் 18 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று முடிவெடுக்கலாம். ஊர் முடிவுக்குக் குப்பத்தில் இன்றும் மரியாதை உண்டு.

5. அவசர மாதங்களுக்கு ஒரு சிறு நிதி

படிப்பை நிறுத்தும் செலவு பல நேரம் பெரிய தொகையே இல்லை. மருத்துவமனைச் செலவு, வீட்டு வாடகை பாக்கி, இரண்டு வாரம் கடலுக்குப் போக முடியாதது. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களுக்கென்று வட்டியில்லாத சிறு கடன் ஒதுக்கினால், பையன் கேட்டரிங் வேலைக்குப் போக வேண்டிய தேவை தள்ளிப்போகும்.

6. இடமாற்றம் என்றால் தேதியைக் கேளுங்கள்

வீடு மாற்றப்படும் நிலை வந்தால், கல்வியாண்டு முடியும்வரை அவகாசம், மாணவர்களுக்குத் தனி பஸ், புதிய இடத்திலேயே டி.சி. இல்லாமல் சேர்க்கை முகாம் ஆகிய மூன்றையும் எழுத்தில் கேட்க வேண்டும். தனி ஆளாகப் போனால் நடக்காது, குடியிருப்போர் சங்கமாகப் போனால் பேச்சுவார்த்தையாவது நடக்கும்.

ஏற்கெனவே விட்டவர்களுக்கு வழி உண்டா?

உண்டு. பத்தாம் வகுப்பில் தோல்வி அடைந்தவர்களுக்கு முடிவு வந்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு நடக்கிறது. அதே ஆண்டில் பிளஸ் 1 சேர்ந்துவிடலாம். இடையில் நின்றவர்கள் தனித்தேர்வராகவோ, தேசிய திறந்தநிலைப் பள்ளி மூலமாகவோ எழுதலாம்.

எட்டாம் வகுப்பு முடித்திருந்தால் வெல்டர், வயர்மேன் போன்ற ஐடிஐ பிரிவுகளில் சேரலாம். அரசு ஐடிஐ-யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. எட்டாம் வகுப்போடு இரண்டு ஆண்டு ஐடிஐ முடித்தவர்கள், மொழிப்பாடத் தேர்வு எழுதி பத்தாம் வகுப்புக்கு இணையான சான்றிதழ் பெறவும் தமிழ்நாட்டில் வழி இருக்கிறது.

கல்வி தொடர்பான சந்தேகங்களுக்கு 14417, குழந்தைகள் பாதுகாப்பு, குழந்தைத் திருமணம், குழந்தைத் தொழிலாளர் புகார்களுக்கு 1098. இரண்டும் கட்டணமில்லா எண்கள்.

அடுத்து என்ன கவனிக்க வேண்டும்?

ஜூனில் பள்ளி திறக்கும்போது எல்லோர் கவனமும் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கையில் இருக்கும். உண்மையில் எண்ண வேண்டியது இன்னொரு வரிசை: ஏப்ரலில் எட்டாம் வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பேர் ஜூனில் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தார்கள் என்பது. பள்ளி மேலாண்மைக் குழுவின் ஜூன் மாதக் கூட்டத்தில் எந்தப் பெற்றோரும் கேட்கலாம், இதற்குப் பணம் வேண்டாம், ஆணை வேண்டாம். பத்து பேர் குறைகிறார்கள் என்றால் அந்தப் பத்து பேரின் பெயரும் தெருவும் ஊருக்குத் தெரியும். பதிவேடு கண்டுபிடிக்கும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.